கூண்டிலே நின்ற சோதிடம்

1917ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். ஐரோப்பாக் கண்டமெங்கும் போர்த்தீ. இலண்டன் மாநகரத்து நீதிமன்றம் ஒன்றிலே, அந்தப் போரோடு எவ்வகைத் தொடர்புமில்லாத வழக்கொன்று நடக்கிறது. கூண்டிலே நிற்பவர் கொலைகாரரல்லர், கொள்ளைக்காரரல்லர், பகைநாட்டு உளவாளியுமல்லர். கோள்களின் தூதர்! ஆலன் லியோ என்பது அவர் பெயர். ஜாதகம் கணித்துத் தந்து காசு பெற்றார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம்.

எந்தச் சட்டத்தின்படி? 1824ஆம் ஆண்டிலே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய நாடோடிகள் சட்டத்தின்படி. ஊரை ஏய்த்துத் திரியும் எத்தர்களின் வரிசையிலேதான், எதிர்காலம் உரைப்பதாகச் சொல்லிக் காசு பெறுவோரையும் அந்தச் சட்டம் நிறுத்தி வைத்திருந்தது. இங்கே அரசவையிலே ஆசனமிட்டு அமர்த்தப்பட்ட கலைக்கு, அங்கே சட்டம் தந்த இடம் அது!

லியோ வாய்மூடி நிற்கவில்லை. தாம் நடக்கப்போவதை அறுதியிட்டு உரைப்பவரல்லர் என்றும், ஒருவரிடம் இயல்பாய் அமைந்த மனப்போக்குகளை மட்டுமே எடுத்துக் காட்டுபவர் என்றும் அவர் தரப்பிலே வாதாடினர். மன்றம் அதை ஏற்கவில்லை. 5 பவுன் அபராதம். வழக்குச் செலவுக்கு 25 பவுன். தீர்ப்பு முடிந்தது.

ஐந்து பவுன் அபராதத்தைப் பற்றி நூறாண்டு கழித்து எழுதுவானேன் என்று தோழர்கள் கேட்கலாம். அபராதம் சிறிது, அந்த மனிதர் கூண்டிலே நின்று தேடிக்கொண்ட தற்காப்பு பெரிது. “நான் வருங்காலம் சொல்வதில்லை, உன்னை உனக்குக் காட்டுகிறேன்” என்ற அந்தத் தற்காப்பின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் இளைஞர்களின் கைப்பேசியிலே குடியிருக்கின்றனர். பஞ்சாங்கத்தைப் பழைமையென்று தள்ளியவர்கள், பல்லி விழும் பலன் கேட்டுச் சிரிப்பவர்கள், எமகண்டம் பாராமல் பேருந்து ஏறுகிறவர்கள் — அவர்களிலேயே பலர், சோதிடத்தை ஓர் ஆன்மீகப் பயிற்சி என்கிறார்கள். விழிப்போடு வாழ ஒரு துணை என்கிறார்கள். தன்னையறிந்து தன்னை வளர்த்துக்கொள்ளும் வழி என்கிறார்கள். கிளி சீட்டு எடுத்தால் மூடநம்பிக்கை. ஆங்கிலத்திலே ‘உள்மனப் பயணம்’ என்று எழுதிவிட்டால் தத்துவம்! இந்தச் சட்டை எங்கே தைக்கப்பட்டது, யார் தைத்தார், எந்தத் துணியிலே தைத்தார் என்று பார்ப்பது நம் கடமை.

தைத்தவர் உண்மையிலேயே தையல் இயந்திரம் விற்றவர்தாம். 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் இலண்டனிலே பிறந்த வில்லியம் பிரெடரிக் ஆலன், எளிய குடும்பத்துப் பிள்ளை; பல தொழில் பார்த்தவர்; தையல் இயந்திர விற்பனையும் அவற்றுள் ஒன்று. சோதிடத்திலே ஈடுபாடு பிறந்ததும், தாம் பிறந்த வேளையிலே ஞாயிறு சிம்ம இராசியிலே நின்றதென்று கணித்து, சிங்கத்தைக் குறிக்கும் ‘லியோ’ என்ற சொல்லைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆகஸ்டு 7 என்பது நம் கணக்கிலே ஆடி மாதம். ஆடியிலே ஞாயிறு நிற்பது கடகத்திலே. நம்மூர்ப் பஞ்சாங்கக்காரரிடம் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், சிங்கமல்ல, நண்டு என்று சொல்லியிருப்பார்! புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஞாயிற்றின் வழியிலுள்ள சமநாள் புள்ளியும் விண்மீன் கூட்டங்களும் எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை என்ற அளவிலே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. மேலைநாட்டுச் சோதிடர் அந்த விலகலைக் கணக்கிலே கொள்வதில்லை; நம்நாட்டுச் சோதிடர் கொள்கின்றனர். இன்று இரண்டு கணக்குக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை வேற்றுமை. கப்பலேறி இந்தியா வந்தால் சிங்கம் நண்டாகிவிடுகிறது. திரும்பிப் போனால் நண்டு சிங்கமாகிவிடுகிறது. லியோ இருமுறை இந்தியா வந்தார். இரண்டாம் முறை 1911ஆம் ஆண்டிலே. நம்நாட்டுச் சோதிடத்தைப் பயின்று, அதிலே சிலவற்றை எடுத்துச் சென்றார். பெயரை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை!

அவர் 1890ஆம் ஆண்டிலே நண்பரொருவருடன் சேர்ந்து சோதிட இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1895ஆம் ஆண்டிலே அதற்குப் புதுப்பெயர் வைத்தார்: ‘நவீன சோதிடம்’ என்று பொருள்படும் பெயர். சந்தா கட்டுவோர்க்கு ஜாதகம் இலவசம் என்றார். பிறகு ஒரு ஷில்லிங்குக்கு ஒரு ஜாதகம் என்றார். கூட்டம் பெருகியது, அமர்ந்து ஒவ்வொன்றாய் எழுத நேரமில்லை. ஆகவே, ஞாயிறு மேடத்தில் நின்றால் ஒரு தாள், திங்கள் துலாத்தில் நின்றால் ஒரு தாள், செவ்வாய் மகரத்தில் நின்றால் ஒரு தாள் என்று முன்கூட்டியே படியெடுத்து அடுக்கி வைத்துவிட்டார்கள். பணம் அனுப்பியவரின் பிறந்த நாளைப் பார்ப்பது, உரிய தாள்களை உருவுவது, கோத்து அஞ்சலிலே சேர்ப்பது. ஆன்மாவின் அந்தரங்க வரலாறு ஆயத்த ஆடைபோல் விலைக்குக் கிடைத்தது. இன்றைய கணிப்பொறி செய்கிற வேலையும் இதுவே. தாள் அடுக்குக்குப் பதிலாக மின்னணு அடுக்கு, அவ்வளவுதான்.

1914ஆம் ஆண்டிலே முதல் வழக்கு வந்தது. காவல்துறை அதிகாரி ஒருவர் வாடிக்கையாளரைப்போல் எழுதி ஜாதகம் வாங்கி, அதையே சான்றாக்கினார். அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் லியோ அரண்டுவிட்டார். வருங்காலம் கூறி மார்தட்டும் பழைய சோதிடரோடு உறவை முறித்துக்கொள்வோம், மனப்போக்குகளையும் குணநலன்களையும் சொல்லும் புதிய சோதிடத்தைப் படைப்போம் என்று தம் தொழிலினரை நோக்கி எழுதினார். குணமே விதி என்பதை முழக்கமாக்கினார். 1917ஆம் ஆண்டு இரண்டாம் வழக்கிலே தண்டனை விழுந்ததும் தம் நூல்களைத் திருத்தி எழுதும் வேலையிலே மூழ்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், கார்ன்வால் கடற்கரையிலே ஓய்வுக்குப் போன இடத்திலே இறந்தார். வயது 57.

அவர் மனத்தால் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. தாம் சொன்னதை அவர் நம்பினார் என்றே அவர் வரலாறு காட்டுகிறது. ஆனால் ஒருவர் நம்பினார் என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. தவிர, அந்தக் கொள்கையின் பிறப்பை மறக்கலாகாது: வானத்தை உற்று நோக்கியதால் வந்த தெளிவல்ல அது, காவலர் கதவைத் தட்டியதால் வந்த தெளிவு. இன்ன நாளில் இன்னது நடக்கும் என்றால் அந்த நாள் வரும். நடந்ததா இல்லையா என்று எவரும் பார்த்துவிடலாம். உன்னிடம் இன்ன போக்கு உறைகிறது என்றால், அதை எந்த நாளிலே போய்ப் பார்ப்பது? வெளிப்பட்டால் சோதிடம் பலித்தது. வெளிப்படாவிட்டால் நீ அதை அடக்கி வென்றாய்! தோற்கவே முடியாத ஆட்டம். குறி தப்பியவன் அம்பை எய்துவிட்டு, அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த கதை.

சட்டையைத் தைத்தவரைப் பார்த்தோம். துணியோ நம் சென்னைக் கடற்கரையிலிருந்து போனது.

பிரம்மஞான சபையை 1875ஆம் ஆண்டு நியூயார்க்கிலே பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் தோற்றுவித்தனர். 1882ஆம் ஆண்டிலே தலைமையிடம் அடையாற்றுக்கு வந்தது. 1907 முதல் 1933 வரை அதன் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார். லியோ 1890ஆம் ஆண்டிலேயே அச்சபையிலே சேர்ந்துவிட்டார். அவருடைய ஜாதகத் தொழிலுக்குத் தத்துவக் கூரை வேய்ந்தது அந்தச் சபை. கர்மம், மறுபிறப்பு — இந்த இரண்டு தூண்களின்மேலே அவர் தம் சோதிடத்தை எழுப்பினார். ஜாதகம் என்பது முற்பிறவிகளின் கணக்கேடு. ஆன்மா தன் வளர்ச்சிக்கேற்ற வேளையைத் தேர்ந்துகொண்டு பிறக்கிறது. கோள்கள் அந்தக் கணக்கைப் படித்துக் காட்டும் எழுத்துகள். சோதிடம் ஆன்மீகப் பயிற்சியானது இவ்வாறுதான்.

அடையாற்றிலே நடந்தவை யாவும் தீமை என்று சொல்வது நேர்மையாகாது. 1894ஆம் ஆண்டிலே ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர் அதே ஆல்காட். அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் தழுவும் முயற்சியிலே துணை நின்றவரும் அவரே. நன்றி மறப்பது நமக்கு வழக்கமில்லை. ஆயினும், பள்ளிக்கூடத்தின் சுவரிலே எழுதப்படும் பாடம் வேறு, சபையின் கூடத்திலே ஓதப்பட்ட பாடம் வேறு. 1916ஆம் ஆண்டு டிசம்பரிலே பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தபோது, அது எதிர்த்து நின்றது பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் கிளர்ச்சியை. அரசியல் காரணங்கள் பல. ஆனால் ஆரியப் பழம்பெருமை பேசும் தத்துவம் யார் கையிலே போய்ச் சேரும் என்ற ஐயமும் அந்தத் தலைவர்களுக்கு இருந்ததிலே வியப்பென்ன?

இப்போது லியோவின் முழக்கத்தைத் தராசிலே வைப்போம். குணமே விதி! கேட்பதற்கு எவ்வளவு இனிமை. விதியென்று வெளியே ஒன்றுமில்லை, உன் குணத்தைத் திருத்து, வாழ்வு திருந்தும் என்பதுபோல் ஒலிக்கிறது. சீர்திருத்தக்காரன் கூடக் கைதட்டுவான். ஆனால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அந்தக் குணத்தை எங்கிருந்து படிக்கிறீர்? பிறந்த நாளிலிருந்து, பிறந்த நாழிகையிலிருந்து, பிறந்த ஊரிலிருந்து! குணமே விதி, அந்தக் குணமோ பிறப்பிலே. நடுவிலுள்ள சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் என்ன வருகிறது? பிறப்பே விதி. ஈராயிரம் ஆண்டாக நம் மக்களின் முதுகிலே எழுதப்பட்டிருந்த அதே வாசகம், இலண்டன் மாநகரத்து அச்சிலே, மெல்லிய தாளிலே, ஒரு ஷில்லிங் விலையிலே!

இது சொல் விளையாட்டு என்று எவரேனும் கருதினால், கீதையைத் திறக்கட்டும். நான்கு வருணங்களும் குணத்தாலும் கருமத்தாலும் பிரித்துப் படைக்கப்பட்டன என்கிறது அது. குணம், கருமம் — லியோவின் இரண்டு சொற்கள். அதைக் காட்டித்தான், பாருங்கள் பிறப்பால் அல்ல, குணத்தால்தான் என்று வருணாசிரமத்துக்கு வக்காலத்து வாங்குவோர் இன்றும் வாதிடுகின்றனர். குணம் பிறப்போடு வருகிறதென்றும், முற்பிறவிக் கருமத்தால் வருகிறதென்றும் சேர்த்துச் சொன்ன பிறகு, ‘பிறப்பால் அல்ல’ என்பதற்கு என்ன மிச்சம்?

நம்நாட்டுச் சோதிடம் இதை மறைத்துப் பேசியதே இல்லை; அந்த மட்டிலே அது வெளிப்படையானது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் ஜாதகம் இத்துறையின் தலையாய நூல். அதிலே கோள்களுக்கும் சாதி உண்டு! வியாழனும் வெள்ளியும் பார்ப்பனர், ஞாயிறும் செவ்வாயும் சத்திரியர், திங்கள் வைசியன், புதன் சூத்திரன், சனியோ நால்வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவர்க்கு உரியவன். ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 140 கோடி கிலோமீட்டர் தொலைவிலே, அழகிய வளையம் பூண்டு, தன் வழியிலே 29½ ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள். அதற்கும் சேரி வைத்த நெஞ்சம்! ஏழரை நாட்டுச் சனி என்றால் ஏன் நடுங்குகிறார்கள், குருபார்வை என்றால் ஏன் குளிர்கிறார்கள் என்பதற்கு வானநூலிலே விடையில்லை, வருணநூலிலே இருக்கிறது.

இதை வேதகாலத்து ஞானம் என்று விற்பவர்களுக்கு ஒரு செய்தி. ஓரை என்ற சொல் கிரேக்கச் சொல். கேந்திரம் என்ற சொல் கிரேக்கச் சொல். பன்னிரண்டு இராசியும், பிறந்த வேளையைக் கொண்டு பலன் சொல்லும் முறையும் யவனர்களிடமிருந்து வந்தவை. வராகமிகிரரே யவனரைச் சோதிடத்திலே தேர்ந்தவர் என்று மதித்துப் பேசியிருக்கிறார். பாபிலோனிலே அரசனுக்கும் நாட்டுக்கும் பார்க்கப்பட்ட நிமித்தம், கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே தனிமனிதப் பிறப்புக்கும் பார்க்கப்படலாயிற்று. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தனிமனித ஜாதகம் கி.மு. 410ஆம் ஆண்டினது. அங்கிருந்து கிரேக்கம், அங்கிருந்து உச்சயினி. இங்கு வந்து சேர்ந்த பிறகு பூணூல் மாட்டப்பட்டது. வந்த சரக்கு கிரேக்கம். முத்திரை மட்டும் நம்முடையது.

லியோவுக்குப் பின் அந்தச் சட்டைக்கு மெருகேற்றியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1895ஆம் ஆண்டு பாரிசிலே பிறந்து, 1916ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற இசையமைப்பாளர் அவர். இயற்பெயரை விட்டு, உருத்திரன் பெயரிலிருந்து ‘ருத்யார்’ என்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார். அவரும் பிரம்மஞான வட்டத்திலே உலவியவர். 1936ஆம் ஆண்டு டேன் ருத்யார் வெளியிட்ட ஆளுமைச் சோதிட நூலிலே, லியோவின் கர்மத்தோடு சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் யுங்கின் சொற்கள் கைகோத்தன. கோள்கள் எதையும் செய்வதில்லை, அவை உள்ளத்தின் குறியீடுகள், ஜாதகம் ஒருவன் ஆகக்கூடிய முழுமையின் வரைபடம் என்றார் ருத்யார். 1969ஆம் ஆண்டிலே ‘மானிடச் சோதிடம்’ என்ற பெயரோடு ஓர் அமைப்பையும் கண்டார். இன்று விழிப்பான வாழ்வு, தன்வளர்ச்சி என்று பேசப்படும் சோதிடமெல்லாம் பெரும்பாலும் அவர் வீட்டுப் பிள்ளைகளே.

யுங்கின் பெயரைச் சொன்னதும் சிலர் எழுந்து நிற்கிறார்கள். அத்தகைய அறிஞரே ஏற்றார் என்கிறார்கள். அவர் செய்த சோதனையையும் சேர்த்துச் சொல்லவேண்டாமா? 1952ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, மணமக்களின் ஜாதகங்களை ஆராய்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். முதலிலே 180 இணைகள். ஒருவர் ஞாயிறும் மற்றவர் திங்களும் ஒன்றுகூடும் அமைப்பு, பழைய சோதிடம் சொன்னபடியே, மிகுந்து காணப்பட்டது. மகிழ்ச்சி! அடுத்த தொகுதியை எடுத்தார். அதிலே வேறோர் அமைப்பு மிகுந்தது. மூன்றாவதிலே மற்றொன்று. 483 இணைகளையும் ஒன்றாகக் கூட்டியபோது, மிகுதிகள் கரைந்து, தற்செயலாய் வரக்கூடிய அளவுக்கே வந்து நின்றன. இதை அவர் மறைக்கவில்லை. அது அவர் பெருமை. ஆனால், தொகுதிதோறும் ஆய்வாளரின் மனநிலைக்கேற்ற விடை வந்ததே ஒரு புதிர் என்று அதற்கும் ஒரு தத்துவம் கண்டார்! பொருத்தம் பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த 483ஐயும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

“இருக்கட்டும். வானத்துக்கும் மனத்துக்கும் தொடர்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஜாதகத்தை வாங்கிப் படிக்கிறேன். என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருக்கிறதே! அரைமணி நேரம் என்னை நானே எண்ணிப் பார்க்கிறேனே, அது நன்மைதானே?” இந்த வாதத்தை எளிதாய்த் தள்ள நான் விரும்பவில்லை. ஓட்டமும் ஆட்டமுமான வாழ்விலே, ஒருவன் அமர்ந்து தன்னையே எண்ணிப் பார்ப்பது அரிய செயல். அந்தத் தாகம் மெய்யானது. மடமையென்று நாம் கேலி செய்யுமிடத்திலே, பலநேரம் இருப்பது தனிமை. வேலையில்லாத இளைஞன், மணவாழ்வு கசந்த பெண், தேர்விலே தோற்ற மாணவன் ஆகியோர் தம்மைப் பற்றிப் பேச ஆளின்றிச் சோதிடரிடம் போகிறார்கள். நாம் அவர்களுக்குச் செவி கொடுத்தோமா என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்விதான்.

ஆனால் ‘என்னைப் பற்றியே எழுதியதுபோல்’ என்பதற்கு விடை 1948ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ரம் போரர், தம் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வொன்று வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணச்சித்திரம் என்று ஒரு தாள் தந்தார். எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மதிப்பெண் இடுங்கள் என்றார். சராசரி 4.26! வியப்படையும் மாணவர்களிடம் பிறகுதான் உண்மையை வெளியிட்டார்: அத்தனை பேருக்கும் தந்தது ஒரே வாசகம்; வாசகங்களிலே பெரும்பாலானவை கடையிலே விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பிறர் உன்னை விரும்பவேண்டும் என்று ஏங்குகிறாய், உன்னிடம் வெளிப்படாத ஆற்றல் நிறைய உண்டு, வெளியே உறுதி, உள்ளே கலக்கம் — யாருக்குத்தான் பொருந்தாது? பள்ளிக்கூடத்துத் தோழர்கள் தங்கள் மேல்வகுப்புகளிலே இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு தாள். பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

இருபதாண்டு கழித்துப் பிரான்சிலே மிசேல் கோகலன் செய்தது இன்னும் கூர்மையானது. 1968ஆம் ஆண்டு பாரிசு இதழொன்றிலே இலவச ஜாதகம் என்று விளம்பரம் செய்தார். எழுதியவர்களிலே 150 பேருக்கு ஜாதகப் பலன் அனுப்பி, பொருந்துகிறதா என்று கேட்டார். நூற்றுக்கு 94 பேர் பொருந்துகிறது என்று விடையெழுதினர். அனுப்பியது ஒரே பலன். மார்செல் பெத்தியோ என்ற மருத்துவரின் பிறந்த வேளைக்குக் கணிப்பொறி கணித்தது. யார் அந்தப் பெத்தியோ? நாஜிகளிடமிருந்து தப்பியோட வழிகாட்டுவதாகச் சொல்லி மக்களை வரவழைத்து, கொன்று, உடைமையைக் கவர்ந்தவன். 26 கொலைகளுக்காக 1946ஆம் ஆண்டிலே தலை துண்டிக்கப்பட்டவன்! அவனை ஒழுக்க உணர்வு மிக்க நற்குடிமகன் என்று கோள்கள் கூறின. பாரிசு மக்கள் அது நான்தான் என்றனர். தன்னையறியும் கலை!

குணத்தைப் பிறப்பு வேளையிலே படிக்கமுடியுமா என்ற மூலக் கேள்வியையே நேருக்குநேர் சோதித்தவர்களும் உண்டு. ஷான் கார்ல்சன் என்ற அமெரிக்க இயற்பியல் மாணவர், சோதிடர்களே ஒப்புக்கொண்ட விதிமுறைகளின்படி ஒரு தேர்வு நடத்தி, 1985ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழிலே வெளியிட்டார். 28 சோதிடர்கள். ஒருவருடைய ஜாதகம் கையிலே; எதிரே மூன்று பேருடைய குணச்சித்திரங்கள்; எது ஜாதகக்காரருடையது? பாதிக்குப் பாதியாவது சரியாய்ச் சொல்வோம் என்றனர் சோதிடர்கள். மூன்றிலொரு பங்கே சரியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவு வருமே!

ஆசிரியத் தொழிலிலே இருப்பவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியல்ல. இந்தப் பையனுக்குப் படிப்பு ஏறாது, அவன் ஜாதகம் அப்படி என்று பெற்றோர் வாயாலேயே கேட்கப்படுகிற சொல் இது. பெண்குழந்தைக்கு மூல நட்சத்திரம் என்றால் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. செவ்வாய் தோசம் என்றால் வரனே வாராது. தொட்டிலிலே கிடக்கும்போதே தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறார்கள். புதுமைச் சோதிடர் குறுக்கிட்டு, நாங்கள் அவ்வாறு சொல்வதில்லை, செவ்வாயின் ஆற்றலை ஆக்கவழியிலே திருப்பச் சொல்கிறோம் என்பார். நல்லது. அந்தப் பெண்ணிடம் ‘செவ்வாயின் ஆற்றல்’ இருக்கிறதென்று முதலிலே யார் சொன்னது? தண்டனையை மென்மையாக்குகிறார், தீர்ப்பை மாற்றவில்லை. 1953ஆம் ஆண்டிலே இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறி நம் முன்னோர் வீதிக்கு வந்தது எதற்காக? அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில். பிறந்த இடத்தைக் கொண்டு பிள்ளையின் திறமையை அளக்கலாம் என்ற எண்ணம் அதற்குள்ளே ஒளிந்திருந்ததால்தான். பிறந்த வீட்டைக் கொண்டு அளந்தால் எதிர்ப்போம். பிறந்த நாழிகையைக் கொண்டு அளந்தால் ஆன்மீகம் என்போமா?

1967ஆம் ஆண்டிலே அண்ணா அமைச்சரவை சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்தது. அதற்கு முன்பே நாளும் கோளும் பாராமல், வேண்டுமென்றே இராகு காலத்திலே, மாலை மாற்றிக்கொண்டவர்கள் ஊர்தோறும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள், பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதே வீட்டுப் பேரப்பிள்ளையின் கையிலே இன்று, நீ ‘விருச்சிகம்’, ஆகவே ஆழ்ந்த உள்ளம் படைத்தவன் என்று கைப்பேசி சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால், தாத்தா எந்தக் கதவைத் தாழிட்டார், இவர் எந்தச் சன்னலைத் திறந்தார் என்று எண்ணிப் பார்க்கவேண்டியது அந்தப் பேரப்பிள்ளைதான்.

இலண்டனிலே அபராதம் கட்டிய கலைக்கு இந்தியத் திருநாட்டிலே பல்கலைக்கழக வாயில் திறந்தது. 2001ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மானியக் குழு ‘ஜோதிர் விஞ்ஞானம்’ என்ற பெயரிலே பட்டப் படிப்புகளைத் தொடங்க முடிவு செய்தது. அறிவியலறிஞர் பி. எம். பார்கவா முதலியோர் எதிர்த்து வழக்கிட்டனர். கல்வி வல்லுநர் குழுவின் முடிவிலே தலையிடுவதற்கில்லை என்று 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2021ஆம் ஆண்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சோதிடத்திலே முதுகலைப் படிப்பே தொடங்கியது.

இடையிலே, புனே நகரத்திலே ஒரு சோதனை நடந்தது. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவர் தோழர்களும், கூரிய அறிவுடைய பள்ளிப்பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையாரின் பிறப்புக் குறிப்புகள் 200ஐத் திரட்டினர். மராட்டியச் சோதிடர்களுக்கு அறைகூவல் விடுத்தனர்: ஆளுக்கு 40 ஜாதகம், எது எவ்வகைப் பிள்ளையுடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் பாதி சரியாகும். அவர்கள் சராசரி அந்தப் பாதியைக்கூட எட்டவில்லை. ‘கரண்ட் சயன்ஸ்’ இதழிலே 2009ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன.

அந்தக் கட்டுரையிலே கையெழுத்திட்டவர் நால்வர். அவர்களுள் ஒருவர் மருத்துவர் நரேந்திர தபோல்கர். மராட்டியத்து மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர். மூடநம்பிக்கையின் பெயரால் நடக்கும் கொடுமைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்கிலே போராடியவர். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் காலை, புனேயிலே உலாவச் சென்றவர், பாலத்தின்மீது சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து மராட்டிய அரசு அந்தச் சட்டத்தை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தது. டிசம்பரிலே சட்டமன்றம் அதை நிறைவேற்றியது.